சஹனில் என் பக்கம்

1

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிரியாணியை விடவில்லை. விடப்போவதும் இல்லை. "சாகுல் இங்கிலாந்து போய் இலை தழை தின்னுக்கிட்டு இருக்கானாம்" என்று திண்டுக்கல்லில் ஒரு பேச்சு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கிளப்பிவிட்டது யார் என்றும் தெரியும். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் குறிப்புகள்.

நான் இங்கே பஸ் டிரைவர். இரட்டை மாடிப் பஸ். ஓட்ட ஆரம்பித்து இந்த மார்ச்சோடு இருபது வருடம் முடிந்தது. டெப்போவில் கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அடுத்த வாரமே ரத்தப் பரிசோதனை முடிவு வந்து சேர்ந்தது. எட்டு வருடமாகக் கூடவே இருக்கும் சுகர் இப்போது எல்லை தாண்டிவிட்டது என்று நர்ஸ் சொன்னார்.

"மாத்திரை மட்டும் போதாது போலத் தெரிகிறது. மூன்று மாதம் பார்ப்போம். இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான்."

மற்றவர்களுக்கு ஊசி என்றால் ஊசி, அவ்வளவுதான். பஸ் ஓட்டுகிறவனுக்கு அப்படி இல்லை. ஊசி ஆரம்பித்த அன்றே லைசென்ஸ் ஆபீசுக்குத் தெரியப்படுத்த வேண்டும். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட வேண்டும். பிறகு சிறப்பு மருத்துவர், மாதக்கணக்கில் பதிவுகள், படிவங்கள். இங்கே ஒரு கடிதம் போட்டால் பதில் கடிதம் வரும், அந்தக் கடிதம் கிடைத்ததா என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும். எல்லாம் அவர்களுக்குத் திருப்தி என்றால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் கோபம் வருகிற ஆள் நான்.

2

உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். ஹெலன் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. ஒரு தாளில் வட்டம் வரைந்து வைத்திருந்தார். பாதி காய்கறி, கால்பங்கு புரதம், கால்பங்கு மாவுச்சத்து. படத்தில் இருந்த ஒரு பண்டத்தைக்கூட என் வாழ்நாளில் நான் சாப்பிட்டதில்லை. பச்சைப் பூக்கோசு மாதிரி ஒன்று, பறவைக்குப் போடுகிற தானியம் மாதிரி ஒன்று.

"ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

"வயிறு நிறைகிற வரைக்கும்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சரியாகத்தான் சொன்னேன். அவர் 'அளவு இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு நோட்டுக் கொடுத்தார். தினமும் என்ன சாப்பிட்டேன், எத்தனை கிராம், எத்தனை கரண்டி என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். திங்கள் முதல் சனி வரை எப்படியோ ஒப்பேற்றினேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். ஞாயிறு எங்கள் வீட்டில் சஹன்.

நம்மூரில் எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம் கிடையாது என்பதால் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, அதன்மேல் கறியை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். ஊரில் அது கல்யாணத்துக்கும் விருந்துக்கும்தான். இங்கே வந்த பிறகு நானும் என் மனைவி சமீமாவும் அதை ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக்கிக்கொண்டோம். ஊரில் இருந்து விமானத்தில் துணிக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த தட்டு அது. சாப்பிடும்போது நல்ல கறித்துண்டாகப் பார்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவோம். வாயால் 'சாப்பிடுங்க' என்று சொல்வதைவிட அதுதான் எங்களுக்குப் பெரிய உபசாரம். தள்ளிவிட்டதைத் திருப்பித் தள்ளக் கூடாது, சாப்பிட்டுவிட வேண்டும். சமீமா தள்ளிக்கொண்டே இருப்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன். இதில் எத்தனை கிராம் என்று யார் கண்டது?

இதை ஹெலனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இனிமேல் எல்லோருக்கும் தனித்தனித் தட்டு வைத்துக்கொள்ளுங்களேன்" என்றார்.

"முடியாது" என்றேன்.

"அப்படியென்றால் அந்தக் கட்டத்தில் தெரியவில்லை என்று எழுதுங்கள்."

அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டில் நான் சாப்பிடுவது எனக்கே தெரியாது என்று நான் எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்?

இதே வாதத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை வீட்டில் தோற்றிருந்தேன். என் மகள் நஸ்ரினுக்கு இருபது வயது. கல்லூரி, ஜிம், கையில் போன். போனில் ஒரு செயலி. வாயில் போடும் ஒவ்வொரு கவளத்தையும் அதில் பதிந்துவிட்டுத்தான் விழுங்குவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, "அத்தா, யாரு எவ்ளோ சாப்டுறோம்னே இதுல தெரியாது. எனக்கு செட் ஆகல" என்றாள். "தெரியாம இருக்கிறதுதாம்மா இதுல அழகே" என்றேன். அவள் சிரித்துவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவள்தான். அதற்குப் பிறகு சஹனில் நாங்கள் இரண்டே பேர். மகள் மாடியில் கோழியையும் கீரையையும் எடை போட்டுச் சாப்பிடுவாள். கீழே நாங்கள் ஒரு பெரிய தட்டுக்கு எதிரெதிராக உட்கார்ந்திருப்போம்.

3

சரி, வெள்ளைக்காரர் தாள் வேண்டாம், நம்மூர் சாப்பாட்டிலேயே இந்தச் சுகரை இறக்கிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் ஜமாலைக் கூப்பிட்டேன். அண்ணனுக்குப் பதினைந்து வருடமாகச் சுகர். அந்த வகையில் எங்கள் குடும்பத்தில் மூத்தவர் அவர்தான்.

"ஏலே சாகுலு, இம்புட்டுக்குப் போயி பயப்படுவாகளா? சோத்த விடு. ராத்திரிக்குச் சப்பாத்தி. காலைல கம்பங்களி, சாயங்காலம் கேப்பைக் கூழு. அரிசியத் தொடாத, சுகரு ஓடியே போயிரும்."

அப்படியே செய்தேன். கம்பு மாவும் கேழ்வரகு மாவும் இங்கே நம்மவர் கடையில் மூட்டையாகக் கிடைக்கின்றன. காலையில் இரண்டு உருண்டை களி. இரவில் ஆறு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா. ஒருநாள் எட்டு. நம் ஊரில் ஒரு பண்டத்துக்குச் 'சுகர் சாப்பாடு' என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் அதை யாரும் எண்ணுவதில்லை. அரிசியை விட்டவன் தியாகி. தியாகியின் தட்டை எவன் எட்டிப் பார்ப்பான்?

முதல் மாதம் முடிந்ததும் வீட்டில் இருக்கும் சின்னக் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தேன். முன்பு இருந்ததைவிட அதிகம் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சமீமாவின் விரலைக் குத்தினேன். அவளுக்குச் சரியாகக் காட்டியது. மறுநாள் மறுபடி எனக்கு, மறுபடி அதிகம்.

கம்பு நல்ல தானியம்தான். கேழ்வரகும் நல்லதுதான். ஆனால் அவையும் மாவுதானே. அளவில்லாமல் தின்றால் அரிசி செய்கிற வேலையைத்தான் அவையும் செய்யும். இது ஹெலனின் தாளிலேயே இருந்தது. கோபத்தில் நான்தான் படிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பழைய காலத்துச் சாப்பாடு என்றாலே ஆரோக்கியம் என்று இங்கே இருக்கும் நம்மவர்கள் உருகுவதை என்னால் சகிக்க முடிவதில்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் விளைகிற அவரையும் முருங்கையும் வெண்டையும் லாரி லாரியாக வெளியூர் போவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் காய் என்றால் தால்ச்சாவில் மிதக்கும் நாலு கத்தரிக்காய் மட்டும்தான். சோறு மலை மாதிரி, வெஞ்சனம் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி. மலைக்கோட்டையைச் சுற்றிக் காலையில் கேன்வாஸ் ஷூ போட்டு நடக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். ஒரு சுற்று முடிந்ததும் டீக்கடையில் இரண்டு உளுந்த வடை, ஒரு டீ. நடந்ததற்கும் தின்றதற்கும் சரியாகப் போய்விடும். அண்ணனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

4

கருவி காட்டியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சமீமாவிடம் இறங்குகிறது என்று பொய் சொன்னேன். அவள் நம்பிக்கொண்டு, அதைப் பெருமையாகச் சொல்ல ஊருக்குப் போன் போட்டிருக்கிறாள். அண்ணி அழுதிருக்கிறாள்.

சமீமா என் மாமா மகள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் அவளுக்கு மச்சான்தான். அன்றைக்கு நான் டூட்டி முடிந்து வந்து சட்டை பட்டனைக் கழற்றும்போது வந்து நின்றாள்.

"மச்சான், பெரிய மச்சானுக்குக் கால் கட்டை விரல எடுத்து ஒன்றர வருசம் ஆச்சாம். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காக."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருடமாக வாரம் ஒருமுறை அண்ணனை வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிப்பார். நெஞ்சுக்குக் கீழே நான் அவரைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊரில் நடக்கும் நல்லதை மட்டும்தான் சொல்வார்கள். அவன் அங்கே தனியாக இருந்து என்ன செய்துவிடப் போகிறான் என்ற இரக்கம். அந்த இரக்கத்தை நான் வெறுக்கிறேன்.

அப்போதே கூப்பிட்டேன்.

"அண்ணே, காலக் காட்டு."

"என்னலே கால?"

"போனக் கீழ எறக்கு."

கடையில் சட்டி கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. போனை அவர் இறக்கவில்லை.

"ஒரு வெரல்தானப்பா. நடக்கத்தான் செய்யிறேன். அதச் சொல்லி ஒன்ன எதுக்கு அங்க கெடந்து தவிக்க விடணும்?"

"நீ கம்பங்களி சாப்பிடுறியா?"

"தெனமும்."

"எம்புட்டு?"

"வயிறு நெறைய" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. போனை வைத்துவிட்டுச் சமீமாவிடம் கருவி காட்டிய உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. அடுப்படிக்குப் போய்க் கம்பு மாவு டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றி வைத்தாள்.

5

மறுபடி ஹெலனிடம் போனேன். இந்த முறை நான் தாள் கொண்டு போனேன். அவரைக்காய், புடலங்காய், முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மீன், ஆட்டுக்கறி, தயிர். நான் சாப்பிடக்கூடியவை இவ்வளவுதான், இதற்குள் உங்கள் வட்டத்தை வரையுங்கள், பறவைத் தீனி என் வீட்டுக்குள் வராது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், பக்கத்து அறையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஹெலன் கோபப்படவில்லை. புடலங்காய் என்றால் என்ன என்று கேட்டார். போனில் படம் காட்டினேன். பாம்பு மாதிரி இருக்கிறதே என்றார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். சஹனை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்தாலும் என் முன்னால் இருப்பதுதானே என் தட்டு. என் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அந்த ஞாயிற்றில் இருந்து தட்டைத் தலைகீழாக மாற்றினோம். என் பக்கம் பாதிக்குமேல் காய், ஓர் ஓரமாகக் கறி, கைப்பிடியளவு சோறு. இனி என் பக்கம் கறியைத் தள்ளக் கூடாது என்று சமீமாவுக்குத் தடை போட்டேன். பழகிய கை, சும்மா இருக்குமா? கறிக்குப் பதிலாகப் புடலங்காயைத் தள்ள ஆரம்பித்தாள்.

நடைக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. ஜிம்முக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருமுறை போனேன். மெஷினில் ஏறி அரை மணி நேரம் நடந்தும் ஏறிய இடத்திலேயே இறங்கினேன். இரண்டாவது முறை போகவில்லை. என் ரூட்டின் கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் வண்டி நிற்கும். இருபது வருடமாக அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டவன், இறங்கி மேட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை.

மூன்றாவது வாரம் டெப்போவில் இருந்து கடிதம் வந்தது. பஸ்ஸைக் கவனிக்க ஆள் இல்லாமல் விட்டுப் போவது விதிக்குப் புறம்பு. சரி, பஸ்ஸை விட்டுப் போகவில்லை. பஸ்ஸையே சுற்ற ஆரம்பித்தேன். பன்னிரண்டு நிமிடமும், மழையிலும், கையை வீசிக்கொண்டு. முதல் நாள் பயணிகள் டயர் பஞ்சர் என்று நினைத்தார்கள். இரண்டாவது நாள் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சூப்பர்வைசர் நேரில் வந்து நின்று பார்த்தார்.

"என்ன செய்கிறாய்?"

"வண்டியைப் பரிசோதிக்கிறேன்."

"எத்தனை சுற்று?"

"நேரம் முடிகிற வரைக்கும்."

விதிப் புத்தகத்தில் அதற்குத் தடை இல்லை. அவர் போய்விட்டார்.

6

மூன்று மாதம் முடிந்து ரத்தம் கொடுத்தேன். முடிவு வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் வண்டியில் ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். வெளியே யார் கேட்டாலும் எனக்கென்ன கவலை என்றுதான் சொன்னேன்.

சுகர் இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையே தொடரட்டும், லைசென்ஸுக்கு ஆபத்தில்லை என்று நர்ஸ் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். விட மறந்துவிட்டேன்.

ஹெலனின் கணினியில் இன்னும் ஒரு படிவம் பாக்கி இருந்தது. 'கொடுக்கப்பட்ட உணவுத் தாளைப் பின்பற்றினார்' என்ற கட்டத்தில் டிக் போடப் போனார்.

"போடாதீர்கள், நான் பின்பற்றவில்லை" என்றேன்.

"பின்பற்றவில்லை என்று போட்டால் ஒத்துழைக்காதவர் என்று ஆகிவிடும். வேறு கட்டம் இல்லையே."

"அப்படியென்றால் ஒன்று வரையுங்கள்."

அவர் அந்தப் படிவத்தை அச்செடுத்து, பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கட்டம் இருந்தது, எனக்கு அது போதும்.

7

வீட்டுக்கு வந்து சமீமாவிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம பழைய மாதிரி. சீரகச் சம்பா, ஆட்டுக்கறி, தால்ச்சா. காயே கண்ணுல படக் கூடாது. ஒரு நாளைக்கு."

அவளுக்கும் ஆசைதான். இரண்டு மாதமாகத் தள்ள முடியாத கறி அவளை என்னவோ செய்துகொண்டிருந்தது. காலையிலேயே வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். மதியம் சஹனை விரிப்பில் வைத்தபோது நடுவில் சோறு ஒரு முழம் உயரத்துக்கு நின்றது. என் பக்கம் நான்கு துண்டுகளைத் தள்ளிவிட்டாள். நான் பிஸ்மி சொல்லிக் கையை வைக்கப் போனேன்.

ஜிம்மில் இருந்து வந்த நஸ்ரின் வாசலில் நின்று தட்டைப் பார்த்தாள். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருடம் கழித்து. சமீமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்தது.

சஹனில் உட்காரும் குழந்தைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். உன் பக்கத்தில் இருந்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அடுத்தவர் பக்கத்தில் இருந்து எடுக்கக் கூடாது. ஒரு கல்யாணத்தில் இதனால் சம்பந்தி வீட்டார் பாதியில் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

நஸ்ரின் என் பக்கம் கையை வைத்தாள். என் முன்னால் இருந்த சோற்றை உள்ளங்கையை மடக்கி வாரித் தன் பக்கம் இழுத்தாள். மேலே இருந்த நான்கு துண்டுகளில் இரண்டும் சேர்ந்து போயின.

"நஸ்ரின், அடுத்தவங்க பக்கம் கை வைக்கக் கூடாது. சின்னதுலயே சொல்லிக் குடுத்திருக்கேன்ல."

"தெரியும் அத்தா" என்றாள். இன்னொரு முறை இழுத்தாள்.

"ஒரு நாளைக்குத்தான்மா. லைசென்ஸ் தப்பிச்சிருச்சு."

"அது உங்களுக்காக. லைசென்ஸுக்காக மூணு மாசம் வாயக் கட்டி இருந்தீங்க. அது முடிஞ்சிருச்சு." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "பெரியத்தா காலை நான் வீடியோல பாத்தேன். எனக்கு மட்டும் காட்டினாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க. வெரல் மட்டும் இல்ல அத்தா."

சமீமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

திருப்பி இழுத்திருக்கலாம். என் தட்டு, என் வீடு, என் சோறு. ஹெலனிடமும் சூப்பர்வைசரிடமும் இறங்காதவன் பெற்ற மகளிடமா இறங்குவேன்? அவளும் இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. சோற்றுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்காக இருங்க" என்றாள்.

பிறகு தன் பக்கம் இழுத்துக்கொண்ட சோற்றை அவள் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு வருடமாக ஒரு பருக்கை தொடாதவள், பிசைந்து பிசைந்து வாய் நிறைய, போனைக் கையில் எடுக்காமல் சாப்பிட்டாள். நான் என் பக்கம் மிச்சம் இருந்ததை மட்டும் சாப்பிட்டேன். எழுந்தபோது எனக்குப் பசி இருந்தது. இருக்கட்டும் என்று கையைக் கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினேன்.